எழுந்ததும் சனிக்கிழமை என்று நினைத்த கணினி

திங்கட்கிழமை காலை 9.05-க்குக் கணக்கர் போன் செய்தார். "ஏனுங்க தம்பி, ஒரு சிஸ்டத்துலயும் நெட்டு இல்லீங்க. டேலியும் தெறக்க மாட்டேங்குது."

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் ஏற்றுமதி நிறுவனம் அது. இரண்டு மாடி, பின்னால் ஒரு குடோன். அங்கே நெட்வொர்க் வேலையை நான் பார்க்கிறேன். மாதச் சம்பளம் எல்லாம் கிடையாது, கூப்பிட்டால் போவேன். அன்று பெருமாநல்லூர் பக்கம் வேறொரு இடத்தில் ஏணிமேல் நின்று கேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன்.

கணினியின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் கட்டளை ஐபிகான்ஃபிக். அதை அடித்துப் பார்க்கச் சொன்னேன். "169.254-ன்னு ஆரம்பிக்குதுங்க" என்றார். பாதி விஷயம் அதிலேயே புரிந்துவிட்டது. முகவரி கேட்டு யாரும் பதில் தராதபோது விண்டோஸ் தானே ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளும். அப்படி எடுப்பதெல்லாம் 169.254-ல்தான் தொடங்கும். பக்கத்துப் பக்கத்து மேசையில் இரண்டு பேர் அந்த முகவரிகளை வைத்துக்கொண்டே ஃபோல்டர் பகிர்ந்துகொண்டிருந்தார்களாம், "எங்களுக்கு நெட்வொர்க் இருக்குங்களே" என்று அவர்கள் வேறு குழப்பினார்கள். ஆக, கேபிளும் ஸ்விட்சும் நன்றாக இருக்கின்றன. முகவரி கொடுக்கிற ஆள்தான் இல்லை.

இந்த அலுவலகத்தில் அந்த ஆள் ஒரு பழைய டெஸ்க்டாப்.

அன்று நடந்தது இரண்டு கோளாறு. முதலாவதை யாரும் கண்டுபிடிப்பார்கள். இரண்டாவதை நானே கிட்டத்தட்டக் கோட்டை விட்டிருப்பேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டெஸ்க்டாப் எதற்கு?

எல்லா வீட்டிலும் இந்த வேலையை மோடமே செய்கிறது. இங்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடத்தில் எதையும் நம்பி அமைக்க முடியவில்லை. அந்த நிறுவனம் தூரத்திலிருந்தே மோடத்தின் அமைப்புகளை மாற்ற முடியும், டிஆர்-069 என்ற முறை அதற்காகவே இருக்கிறது. ஒரு நாள் இரவு அவர்கள் ஏதோ புதுப்பித்தார்கள். காலையில் பார்த்தால், எந்தக் கருவிக்கு எந்த முகவரி என்று நான் உட்கார்ந்து எழுதி வைத்த பட்டியல் முழுக்கத் துடைத்திருந்தது. இரண்டாவது தடவை அப்படி ஆனதும் முதலாளியிடம் ஒரு நல்ல ரவுட்டர் வாங்கலாம் என்றேன். "கட்டிங்ல ஒரு பொட்டி சும்மா கெடக்குதே தம்பி, அது ஆகாதுங்களா?" என்றார்.

ஆகும். முகவரி கொடுப்பது கனமான வேலையே இல்லை. ஐ3 சிப், 4 ஜிபி நினைவகம் உள்ள அந்தப் பெட்டி 40 கருவிகளுக்கு என்ன, 400-க்கும் கொடுக்கும். கரண்ட் செலவு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. விண்டோஸிலேயே செய்யலாமா என்று யோசித்தேன். இப்படி முகவரி கொடுக்கும் முறைக்கு டிஹெச்சிபி என்று பெயர். சாதாரண விண்டோஸில் முழு டிஹெச்சிபி சர்வர் கிடையாது, அது சர்வர் பதிப்பில்தான் வரும். இணையத்தைப் பகிரும் வசதியை முடுக்கினால் 192.168.137.1 என்று தனக்கு வைத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு முகவரி கொடுக்கும், நம் பேச்சைக் கேட்காது. அதனால் டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டு, முகவரி கொடுக்க டிஎன்எஸ்மாஸ்க் நிறுவினேன். சைமன் கெல்லி எழுதிய சின்ன மென்பொருள், பல வீட்டு ரவுட்டர்களுக்குள்ளும் இதுதான் ஓடுகிறது. மோடத்தின் டிஹெச்சிபியை அணைத்தேன். மானிட்டர், கீபோர்டு எல்லாம் கழற்றிவிட்டு, ஸ்விட்ச் ராக்குக்குக் கீழே பெட்டியை வைத்து மூடினேன். 14 மாதம் ஒரு சத்தமில்லை.

அமைப்பு இதுதான். 192.168.10.100 முதல் 149 வரை 50 முகவரிகள், குத்தகை 12 மணி நேரம். இந்த 'குத்தகை' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். ஆங்கிலத்தில் லீஸ் என்று வைத்த பெயருக்கு நம் ஊர் நிலக் குத்தகையைவிடப் பொருத்தமான சொல் இல்லை. முகவரி யாருக்கும் சொந்தமில்லை, தவணைக்குத்தான். பாதித் தவணை கழிந்ததும் கணினி தானே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும், 12 மணி என்றால் 6 மணியில். அப்போது பதில் வராவிட்டால் தவணையில் 87.5 சதவீதம் ஆனதும், கொடுத்தவரை விட்டுவிட்டு ஊரையே கூவிக் கேட்கும்.

வெறுங்கையோடு வரும் கணினி முதலில் கேட்பதும் அப்படித்தான். தன் முகவரி 0.0.0.0, போக வேண்டிய இடம் 255.255.255.255, அதாவது எல்லாரும். யூடிபி முறையில் 68-ஆம் வாசலிலிருந்து 67-ஆம் வாசலுக்கு ஒரு கூவல்: யாராவது இருக்கிறீர்களா? சர்வர் ஒரு முகவரியை நீட்டும், கணினி 'அதையே தாருங்கள்' என்று கேட்கும், சர்வர் 'சரி' என்று கணக்கில் எழுதும். நான்கே பேச்சு. இதற்கான விதிகளைச் சொல்லும் ஆவணம், ரால்ஃப் டிரோம்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 2131, வந்தது 1997 மார்ச்சில், இன்றும் அதே நான்கு பேச்சுத்தான். அதற்கும் மூதாதை 1985-இல் வந்த பூட்பி என்ற முறை. நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் இந்தப் பேச்சின் பாக்கெட்டைப் பிரித்தால் நடுவில் 99.130.83.99 என்று நான்கு எண் நிற்கும், அது பூட்பி காலத்திலிருந்து வருகிற அடையாளக் குறி. கிட்டத்தட்ட நாற்பது வருடப் பழைய முத்திரையை இன்றைய போனும் குத்திக்கொண்டிருக்கிறது. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

முதல் கோளாறு

சனிக்கிழமை சம்பளம் போட்டு, இரவு 9 மணிக்கு மேல் மெயினை இறக்கியிருக்கிறார்கள். பேனல் போர்டு மாற்றும் வேலை. ஞாயிறு முழுக்க எலெக்ட்ரீஷியன் வேலை பார்த்திருக்கிறார். யூபிஎஸ் சிறிது நேரம் தாங்கிவிட்டுப் படுத்துவிட்டது. 14 மாதத்தில் அந்தப் பெட்டிக்கு முழுதாகக் கரண்ட் போனது அதுதான் முதல் தடவை.

"கீழ இருக்கற பொட்டில ஃபேன் சுத்துதுங்களா?" என்று கேட்டேன். ராக்குக் கீழே குனிந்து பார்த்த கணக்கர், "லைட்டே எரியலீங்க" என்றார். கரண்ட் வந்ததும் தானாக எழும்படி பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை அமைப்பில், அமைத்திருந்தேனே என்று எனக்குச் சின்ன உறுத்தல். பட்டனை அமுக்கச் சொன்னேன். ஃபேன் சுற்றியது, ஆனால் ஐந்து நிமிடம் ஆகியும் யாருக்கும் முகவரி வரவில்லை. ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிவந்து மாட்டச் சொன்னேன். திரையில், அமைப்பு அழிந்துவிட்டது, தொடர எஃப்1 அழுத்தவும் என்று நின்றிருக்கிறது. கீபோர்டே இல்லாத பெட்டி, யார் வந்து எஃப்1 அழுத்துவார்கள் என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருந்திருக்கும்.

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி, ரூபாய் நாணயம் போல வட்டமானது, செத்திருந்தது. எப்போது செத்தது என்று சொல்ல முடியாது. ப்ளக்கில் கரண்ட் இருக்கும்வரை கணினி அணைந்திருந்தால்கூட மதர்போர்டுக்கு ஒரு துளி மின்சாரம் வந்துகொண்டே இருக்கும், பேட்டரிக்கு வேலையே இல்லை. முழுதாகக் கரண்ட் போன அன்றுதான் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். அது போனதும் பயாஸ் அமைப்பு போனது, அதோடு 'தானாக எழு' என்ற கட்டளையும் போனது.

9.20-க்கு எஃப்1 அழுத்தினார்கள். லினக்ஸ் ஏறியது. 9.30-க்குள் எல்லாருக்கும் 192.168.10 வந்துவிட்டது, டேலி திறந்தது. இணையம் மட்டும் வரவில்லை, ஃபைபர் லைன் பிரச்சினையாக இருக்கும், வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் மறுபடி ஏணி ஏறினேன். பேட்டரியை மாலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பற்றி நினைக்கவே இல்லை.

இரண்டாவது கோளாறு

11.25-க்கு மறுபடி போன். இந்தத் தடவை பேக்கிங் சூப்பர்வைசர் அக்கா. "தம்பி, கார்ட்டன் லேபிள் வரலீங்க. பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுது. நாலு மணிக்கு வண்டி வந்துருங்க." பின்னாலிருந்து மெர்ச்சண்டைசர் குரல்: "எனக்கு நெட்டு வந்து வந்து போகுதுன்னு சொல்லுங்கக்கா." மற்ற எல்லாருக்கும் எல்லாம் நன்றாகவே ஓடுகிறது. இணையம்கூட வந்துவிட்டதாம்! எலெக்ட்ரீஷியன் மோடம் அடாப்டரைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப மாட்டாமல் போயிருக்கிறார், 10.50-க்கு யாரோ பார்த்து மாட்டியிருக்கிறார்கள்.

12 மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மெர்ச்சண்டைசர் கணினியில் விண்டோஸின் ஈவென்ட் பதிவைத் திறந்தேன். 4199 என்ற எண்ணில் வரிசையாகப் பிழைகள்: 192.168.10.118 என்ற முகவரியை இன்னொரு கருவியும் வைத்திருக்கிறது, அதன் மேக் முகவரி (கருவி தயாரிக்கும்போதே அதற்குக் கொடுக்கும் எண்) இது. அந்த மேக்கை நான் பார்த்த இடம் எனக்கு நினைவிருந்தது, லேபிள் பிரிண்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கர். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. மோடமும் மற்றக் கணினிகளும் ஒரு நேரம் இவருக்கு, ஒரு நேரம் பிரிண்டருக்கு என்று தபாலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தன. பிரிண்டரின் பழைய முகவரி 119. பேக்கிங் கணினி அந்த 119-க்கே லேபிளை அனுப்பிக்கொண்டிருந்தது, அங்கே யாருமில்லை.

இரண்டு சர்வர் இருந்தால் இப்படி ஆகும். மோடம் மறுபடி தன் டிஹெச்சிபியை முடுக்கிவிட்டதோ என்றுதான் முதலில் அதன்மேல் பாய்ந்தேன். இல்லை, அணைந்தே இருந்தது. பழைய பகையில் பதினைந்து நிமிடம் போனது.

பிறகுதான் டெஸ்க்டாப்பின் குத்தகைக் கணக்கைத் திறந்தேன். அது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு, ஒரு கருவிக்கு ஒரு வரி. வரியின் தொடக்கத்தில் குத்தகை முடியும் நேரம், பிறகு மேக், ஐபி, கருவியின் பெயர். அந்த நேரத்தில் அலுவலகத்தில் 36 கருவிகளாவது முகவரியோடு ஓடிக்கொண்டிருந்தன. கோப்பில் இருந்தவை மூன்றே வரி. ஒன்று லேபிள் பிரிண்டர், ஒன்று முதலாளியின் போன், ஒன்று சரக்குப் பார்க்க வந்த குவாலிட்டி ஆளின் லேப்டாப். 36 பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பந்தியில் கணக்குப் பிள்ளையின் நோட்டில் மூன்று இலை.

சிஸ்டம் பதிவைப் புரட்டினேன். ஒரு வரியில் சனிக்கிழமை 22.34. அடுத்த வரியில் திங்கள் 10.50. நடுவில் ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்தது இதுதான். பேட்டரி இல்லாததால் மதர்போர்டின் கடிகாரம் ஆதி நாளுக்குப் போய்விட்டது. லினக்ஸ் அதை நம்பாமல், தான் அணைவதற்கு முன் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து தொடங்கியது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் அந்த நேரம் சனி இரவு 9.04. ஆக, திங்கள் காலை 9.20-க்கு எழுந்த பெட்டிக்கு அது இன்னும் சனிக்கிழமை இரவு. 36 மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்தை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் 12 மணி நேரக் குத்தகை எழுதியது. ஒவ்வொரு வரியிலும் முடியும் நேரம்: ஞாயிறு காலை 9 சொச்சம்.

கணினிகளுக்கு இது தெரியாது. அவற்றிடம் 'முடியும் நேரம்' என்று எதையும் சர்வர் அனுப்புவதில்லை, '43200 நொடி' என்றுதான் அனுப்பும். அவை தங்கள் கடிகாரத்தில் அதை எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருந்தன. மோடம் இல்லாதவரை டெஸ்க்டாப்பும் தன் தவறான நேரத்தோடு ஒழுங்காகவே ஓடியது. 10.50-க்கு இணையம் வந்ததும் நேர சர்வரைக் கேட்டு ஒரே தாவலில் திங்கட்கிழமைக்கு வந்தது. வந்து கணக்கைப் பார்த்தால் எல்லாக் குத்தகையும் நேற்றே காலாவதி. மொத்தத்தையும் அடித்துவிட்டது. கணினிகள் புதுப்பிக்க வருவது பிற்பகல் 3.20-க்குத்தான். அதுவரை அதன் பார்வையில் 50 முகவரியும் காலி.

எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தது இணையம் இல்லை என்று. வினையே இணையம் வந்ததில்தான் இருந்தது.

118 ஏன்?

காலி என்று நினைத்தாலும் டிஎன்எஸ்மாஸ்க் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காது. புதிதாக வருபவருக்கு ஒரு முகவரியைத் தேர்ந்ததும் அந்த முகவரிக்கு ஒரு பிங் அனுப்பிப் பார்க்கும். பதில் வந்தால் ஆள் இருக்கிறது என்று அடுத்த எண்ணுக்குப் போகும். நம் ஊரில் கதவைத் தட்டிப் பார்ப்பது போலத்தான். ஆனால் விண்டோஸின் ஃபயர்வால் வழக்கமாகவே பிங்குக்குப் பதில் சொல்லாது. வீட்டுக்குள் ஆள் இருக்கிறது, தட்டினால் திறப்பதில்லை. அன்று 50 எண்களில் 25-ல் இப்படி வாய் திறக்காத விண்டோஸ் கணினிகள் உட்கார்ந்திருந்தன. புதிதாக வருகிறவருக்கு மோதல் நேர்வது காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான். மூன்று பேர் வந்தார்கள், ஒருவர் மோதினார். குறைவு என்றே சொல்வேன்.

பிரிண்டருக்கு 118 கிடைத்ததற்கும் காரணம் உண்டு. டிஎன்எஸ்மாஸ்க் 100, 101, 102 என்று வரிசையாகக் கொடுப்பதில்லை. மேக் முகவரியை வைத்து ஒரு கணக்குப் போட்டு, வரும் எண்ணைக் கொடுக்கும். அதனால் குத்தகை முடிந்து போனவர்கூடத் திரும்பி வந்தால் பெரும்பாலும் அதே எண் கிடைக்கும். பிரிண்டரின் கணக்குப்படி அதற்கு 118தான். முதன்முதலில் அது வந்தபோது 118-ல் மெர்ச்சண்டைசர் ஏற்கெனவே இருந்ததால் பக்கத்து 119-ல் உட்கார்ந்தது. பழைய கணக்கு அழிந்ததும் தன் 'சொந்த' எண்ணுக்குப் போய்விட்டது. அதே இடத்தில் இன்னொரு விண்டோஸ் கணினி வந்திருந்தால், முகவரியைப் பயன்படுத்தும் முன், 'இந்த முகவரி யாருடையது' என்று ஏஆர்பி முறையில் எல்லாரிடமும் விசாரித்துப் பார்த்து, ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் சர்வரிடமே 'வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்திருக்கும். இந்த மலிவு பிரிண்டருக்கு அந்த மரியாதை எல்லாம் தெரியாது. கொடுத்ததை வாங்கி உட்கார்ந்துகொண்டது.

என்ன செய்தேன்

வண்டி 4 மணிக்கு. முதலில் பிரிண்டரை அணைத்தேன். கணக்கில் இருந்த அதன் வரியை நீக்கி, அதன் மேக்குக்கு 119 என்று நிரந்தரமாக ஒதுக்கினேன். சொல்லப்போனால் இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். டேலி கணினிக்கும் அலுவலகப் பிரிண்டர்களுக்கும் ஒதுக்கினவன், லேபிள் பிரிண்டரை விட்டுவிட்டேன். அது பேக்கிங் பக்கம் மூலையில் இருந்ததால் பட்டியல் எடுக்கும்போது கண்ணில் படவில்லை. தப்பு என்னுடையது.

மற்றக் கணினிகள் கணக்கில் திரும்ப ஏற வேண்டும். ஒவ்வொன்றாகப் போய் ஐபிகான்ஃபிக்கில் புதுப்பிப்பதற்குப் பதில் ஸ்விட்சுகளையும் வைஃபை கருவிகளையும் 20 நொடி அணைத்துப் போட்டேன். கேபிள் இணைப்பு அறுந்து திரும்ப வந்ததும் விண்டோஸ், தன்னிடம் இருக்கும் முகவரி இன்னும் செல்லுமா என்று சர்வரைக் கேட்கும். சர்வரின் கணக்கில் அந்தப் பெயரே இல்லாதபோது அது சரி என்று சொல்ல வேண்டுமானால், 'இந்த நெட்வொர்க்குக்கு நான் மட்டுமே அதிகாரி' என்ற ஒரு வரி அமைப்பில் இருக்க வேண்டும். நல்லவேளை, அது இருந்தது. இரண்டு நிமிடத்தில் கோப்பில் 38 வரி. 1.10-க்கு முதல் லேபிள் வந்தது.

மாலையில் பேட்டரி மாற்றினேன், தெருமுனை வாட்ச் கடையில் நாற்பது ரூபாய். பயாஸில் 'கரண்ட் வந்தால் எழு', 'கீபோர்டு இல்லாவிட்டாலும் நிற்காதே' இரண்டையும் திரும்ப அமைத்தேன். முகவரிகளை 50-லிருந்து 150 ஆக்கினேன். தனி முகவரி வரம்பில் இடத்துக்கா பஞ்சம்? நான் ஏன் 50 என்று கஞ்சத்தனம் காட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. குத்தகையை 12 மணியிலிருந்து 7 நாளாக்கினேன். 7 நாள் இருந்திருந்தால் 36 மணி நேரத் தாவலில் ஒரு வரிகூட அழிந்திருக்காது. இடம் குறைவாக இருந்தால் குத்தகை சின்னதாக வைக்க வேண்டி வரும், இரண்டு தவறும் ஒன்றையொன்று வளர்த்திருக்கின்றன. கணினிகளின் ஃபயர்வாலில், உள் நெட்வொர்க்கிலிருந்து வரும் பிங்குக்கு மட்டும் பதில் சொல்ல அனுமதித்தேன்.

செய்யாமல் விட்டதையும் சொல்கிறேன். நேரம் சரியாகும்வரை முகவரி கொடுக்காதே என்று அமைக்கலாம். அப்படிச் செய்தால் இணையம் இல்லாத நாளில் டேலிகூடத் திறக்காது, நோயைவிட மருந்து மோசம். டிஎன்எஸ்மாஸ்க்கிலேயே, கடிகாரம் இல்லாத கருவிகளுக்காக, முடியும் நேரத்தை எழுதாமல் கால அளவை மட்டும் எழுதி வைக்கும் ஒரு வகை உண்டு. ஆனால் அதற்கு மென்பொருளை அதன் மூல நிரலிலிருந்து நாமே கட்ட வேண்டும், டெபியன் அடுத்த முறை புதுப்பிக்கும்போது நம் வேலை போய்விடும். நண்பர் ஒருவர், டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு ராஸ்ப்பெரி பை என்ற கையளவுக் கணினியை வையுங்கள் என்றார். பை 4 வரைக்கும் அதில், அணைந்த பிறகும் ஓடும் கடிகாரமே கிடையாது. பை 5-ல் உண்டு, ஆனால் பேட்டரியை நாம்தான் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். என் டெஸ்க்டாப்புக்குப் பேட்டரி செத்த பிறகு வந்த வியாதி அதற்குப் பிறவியிலேயே இருக்கிறது.

அமைப்புக் கோப்புகளின் பிரதி ஒரு பென் டிரைவில், கணக்கரின் மேசை டிராயரில் இருக்கிறது. ராக்குக் கீழே இப்போது ஒரு பழைய கீபோர்டு நிரந்தரமாக மாட்டிக் கிடக்கிறது. அதன் எஃப்1 கீமேல் அக்கா ஒரு சிவப்புக் கார்ட்டன் டேப் துண்டை ஒட்டி வைத்திருக்கிறார். அமைப்பை மாற்றிவிட்டேன், இனி அது தேவைப்படாது என்று சொன்னேன். "இருக்கட்டுங்க தம்பி" என்றார்.